லண்டனில் பிறந்த விருந்தாளி

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் அறைப் பூட்டின் திறப்பு இன்னும் என் கைக்கு வரவில்லை. மேசையில் என் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே, பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் பழம்பொருள் அலுமாரியிலிருந்து நான் திருத்தக் கொண்டுவந்த பித்தளைத் தூரமானி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் பீரங்கிக்குத் தூரம் பார்த்தது. இப்போது வில்லையெல்லாம் பூஞ்சணம். எதிர்ச் சுவரைக்கூடக் காட்டாது.

முகாமையாளருக்கு வியர்க்கிறது. "பீரங்கிச் சாமானோ? பொலிஸ் செக்கிங் வந்தால் ரெண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போவாங்கள்."

"பல்கலைக்கழகக் கடிதம் இருக்கு, அண்ணை."

"கடிதத்தை ஆர் வாசிக்கிறது? பதிவு இருக்கோ எண்டுதான் கேப்பாங்கள்."

தங்க வருகிற தமிழர் ஒவ்வொருவருக்கும் பொலிசுக்காக நிரப்பும் படிவத்தில் இரண்டை எடுக்கிறார். முதலாவது தூரமானிக்கு. பித்தளையில் பொறித்திருப்பதைக் குனிந்து பார்த்துப் பார்த்து எழுதுகிறார். பிறந்த இடம்: லண்டன். அடையாள அட்டை இலக்கம்: அடியில் உள்ள தொடரிலக்கம். வந்த காரணம்: கண் வைத்தியம்.

"சமயத்தை விட்டிட்டியள்," என்கிறேன் எரிச்சலோடு.

"ஓம், மறந்திட்டன்," என்றபடி 'கிறிஸ்தவம்' என எழுதிக்கொள்கிறார்.

அடுத்தது என் படிவம். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதியதும் பேனை நின்றுவிடுகிறது.

"தம்பி, இந்தச் சாமானுக்கு ஒரு பிரச்சினையும் வராது. உங்களைத்தான் யோசிக்கிறன்."

கடைசியில் என் 'வந்த காரணம்' கட்டத்தில் எழுதுகிறார்: லண்டன்காரருக்குத் துணை.

பிறகு அறைத் திறப்பை எடுத்து, நான் கை நீட்டியும் என்னிடம் தராமல், பெட்டிக்குள் தூரமானியின் பக்கத்தில் பக்குவமாக வைக்கிறார்.