கழுவிக் குடித்த ஓவியம்

பாபிகர் லண்டனில் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பியபோது பெட்டி நிறைய ஆப்பிள் கொண்டுவந்தார். எல்லாம் கித்தானில் தீட்டியவை. சூடானின் உம்துர்மானில், அவருடைய தெருவில், அந்தப் பழத்தை ஒருவரும் தின்று பார்த்ததில்லை. நைல் கரையில் படகு கட்டும் தச்சரான அவருடைய அப்பா படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டம் நல்லா அடிச்சிருக்கான். என்ன மரம்டா இது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஹாஜா பதூல் மட்டும் படத்தைப் பற்றியே பேசினாள்: "வெங்காயம் கொஞ்சம் அழுகின மாதிரி இருக்கேப்பா."

பாபிகர் அன்றைக்குச் சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போய்ப் புளித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்கு வந்து வரைவது, வருகிறவர்களுக்கு வரைந்ததை விளக்குவது என்று வருஷங்கள் ஓடின. விளக்கம் முடிவதற்குள் வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். லண்டனில் முகம் தெரியாதவர்கள்கூட அவருடைய படத்துக்கு முன் நின்றிருக்கிறார்கள். தன் தெருவில் ஒரே ஒருவர் அப்படி நின்றால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. இதற்குப் போய் ஏங்குவாரா என்றால், ஏங்கினார்.

அந்த ஊர் வெயிலில் எண்ணெய்ச் சாயம் வெடித்தது. அவர் சாயத்தையும் ஆப்பிளையும் தலைமுழுகிவிட்டு, குர்ஆன் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும், வெள்ளைக் களிமண் பூசிய மரப்பலகையைக் கையில் எடுத்தார். புகைக்கரியில் வேலம்பிசின் கலந்த அதே மை, அதே நாணல் பேனா. எழுத்துகளை ஒடித்து, இழுத்து, முதுகை நிமிர்த்தி, வயிற்றை உப்பவைத்து வரைந்தார்.

மனைவி சித்தனா எட்டிப் பார்த்தாள். "இது எழுத்தா, ஆளா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப வம்பில்ல. சாப்பிட வாங்க."

கார்ட்டூமில் மளிகைக்கடை வைத்திருந்த கிரேக்கர் ஒருவர், கடை மாடியில் படங்களைக் கண்காட்சியாக வைக்க இடம் தருவதாகச் சொன்னார். அதற்காக வரைந்தவற்றில் ஒரு பலகைதான் பாபிகரின் உயிர். நெடிய இரண்டு கறுப்பு உருவங்கள். நடுவில் மை படாத ஒரு வெள்ளை. அந்த வெள்ளை சரியாக அமைவதற்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். அது முடிந்த அன்று காலை, பலகையை முற்றத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

அன்றைக்குத்தான் ஹாஜாவின் மருமகள் அவதிய்யாவுக்கு வலி கண்டது. பிள்ளை வருவேனா என்றது. இப்படிப்பட்ட நேரத்தில் குர்ஆன் பள்ளி ஆசிரியரான ஃபக்கி பலகையில் இறைவசனம் எழுதித் தருவார். அந்த மையைக் கழுவிக் குடிக்கக் கொடுத்தால் பிரசவம் லேசாகும் என்பது நம்பிக்கை. ஃபக்கியோ சாவு வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். சித்தனாவும் அவதிய்யாவின் தலைமாட்டில்தான் இருந்தாள். ஹாஜாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திறந்து கிடந்த பக்கத்து வீட்டு முற்றத்தில் பலகையையும் அதன்மேல் மையையும் கண்டாள், தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பாபிகர் திரும்பி வந்தபோது ஹாஜா வாசலில் நின்றாள். ஒரு கையில் பேரீச்சம்பழத் தட்டு. மறு கையில் பளிச்சென்று கழுவிய பலகை.

"பொண்ணு பிறந்திருக்கா! உன் கை சாமானியக் கையில்லப்பா. இத்தன நாளும் வாயத் தொறக்காம இருந்திட்டியே!"

பாபிகர் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வாசலில் கிண்ணங்கள் வரிசை கட்டின. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு முதுகுப்பிடிப்பு, ஒருவருடைய மகன் பரீட்சையில் தேறவேண்டும். தலைவலி என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உண்மையச் சொல்லிடுங்க," என்றாள் சித்தனா.

"சொன்னா, இறைவசனத்த வச்சு விளையாடினான்னு தெருவே காறித் துப்பும்."

"சொல்லாட்டி?"

அவர் கதவிடுக்கு வழியே கிண்ணங்களைப் பார்த்தார். வாழ்நாளில் முதன்முறையாகத் தெரு அவருடைய கைவேலையைக் கொண்டாடியது. அதுவும் அது எதுவல்லவோ அதற்காக.

ஏழாம் நாள் பெயர் சூட்டு. ஆடு வெட்டியாயிற்று, கயிற்றுக் கட்டில்களில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. பாபிகர் எழுந்தார்.

"அன்னைக்குக் கழுவின பலகையில இருந்தது இறைவசனம் இல்ல. எழுத்தே இல்ல. என் படம்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"அப்ப என் மருமகளுக்கு நான் கரியையா கரைச்சுக் குடுத்தேன்?" ஹாஜாவின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. "ஏழு நாளா வாயில என்ன, கொழுக்கட்டையா?"

ஒருவர் சிரித்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று பாபிகர் நினைத்தபோது, அறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவதிய்யா பேசினாள்.

"உஸ்தாத், அந்த ரெண்டு கறுப்புக்கும் நடுவுல வெள்ளையா ஒரு இடம் விட்டிருந்தீங்களே?"

பாபிகர் திரையின் பக்கம் திரும்பினார். "ஆமா."

"அத்த பலகைய என் முன்னாலதான் வச்சிருந்தாங்க. வலி வர்றப்பல்லாம் நான் அதுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். அங்க இடம் இருந்துச்சு. கழுவாதீங்க, இருக்கட்டும்னு கத்தினேன். யார் கேட்டா?"

"பிரசவ வலியில ஆயிரம் கத்துவாங்க, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?" என்றாள் ஹாஜா. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"திரும்ப வரைங்க உஸ்தாத். நான் இன்னும் பாத்து முடிக்கல."

பாபிகர் அழுதார். ஆட்டிறைச்சிக் குழம்பின் காரம் என்று யாரும் நம்பமாட்டார்கள், அவரும் சொல்லவில்லை.

அதே பலகையில் திரும்ப வரைந்தார். பழையது வரவில்லை. வெள்ளை இடம்மாறியது, கறுப்பு சாய்ந்தது. கண்காட்சி நாளும் வந்துவிட்டது. மாடியில் கோட்டு போட்ட அதிகாரிகள் உலவினார்கள். பாபிகர் ஓடி ஓடி விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று அவதிய்யாவுக்கு நாற்பதாம் நாள். பிள்ளை பெற்றவள் நைலில் முகம் கழுவி வீடு திரும்பவேண்டிய நாள். தெருப் பெண்கள் அவளோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆனால் வீடு திரும்பாமல் பாலம் தாண்டி, கார்ட்டூமுக்கு வந்து, அந்த மாடிப்படியும் ஏறினார்கள். ஹாஜா முன்னால் வந்தாள். அவதிய்யா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அந்தப் பலகைக்குப் போனாள். அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

"இது அது இல்ல," என்றாள்.

பாபிகர் ஓடி வந்தார். "இல்லம்மா, அதாவது, இதுல அந்த வெள்ள ஏன் இப்படி ஒதுங்கியிருக்குன்னா..."

"உஸ்தாத்," அவள் திரும்பாமலே சொன்னாள், "கொஞ்சம் சும்மா இருங்க. பாத்துக்கிட்டிருக்கேன்ல."