முன்சக்கரத்தில் நான் வைத்த கிரீஸ்

செய்யது இறந்த செய்தியைச் செங்கோட்டை பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஒங்க கூட்டாளி மவுத்தாயிட்டாராம்லா?" என்றார். அடக்கத்துக்கு எத்தனை பேர் திரளுவார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். அவனை அறிந்தவர்கள் என்னையும் அறிவீர்கள்; நம்புவீர்கள்.

தென்காசியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். ஒரே வயது. வண்டிக்காரர்கள் வாசலில் நின்று, "செய்யது இல்லியா?" என்று கேட்பார்கள். நான் கையில் ஸ்பானரோடு எதிரிலேயே நிற்பேன். வயிறு எரியும்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும், குற்றாலத்துக்கு மேலே இருந்த எஸ்டேட்டின் பழைய பிக்கப் மலையேற மறுத்தது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டி. தரையில் ஓடும்போது முன்சக்கரங்களைச் சும்மா உருளவிடவும், மலையில் அச்சோடு பூட்டவும் சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு உண்டு. ஹப் லாக் என்போம். பூட்டியும் முன்சக்கரம் இழுக்கவில்லை. எஸ்டேட் மானேஜர் குற்றாலத்தில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு, எங்கள் இருவரில் ஒருவரைப் பொறுப்பில் வைக்க இருந்த சமயம் அது. எனக்கு அந்த ஷெட் வேண்டும். இரண்டு நாள் கியர் பெட்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

செய்யது எதையும் கழற்றவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, திருகைப் பூட்டிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினான். வலது பக்கம் அச்சும் கூடவே சுற்றியது. இடது பக்கம் சக்கரம் மட்டும் சுற்றியது.

"ஒரு பக்கம் பிடிக்கலன்னா ரெண்டும் இழுக்காதுலே. வண்டி சொல்லுது, நீதான் காது குடுக்க மாட்டேங்க" என்றான்.

மூடியைத் திறந்தான். உள்ளே கெட்டி கிரீஸ் அப்பிக் கிடந்தது. பூட்டு வளையம் அதில் சிக்கி நகராமல் நின்றது. முந்தின மாதம் சர்வீஸ் செய்தபோது, சாரல் தண்ணீர் புகக் கூடாதென்று, பேரிங்குக்கு வைப்பதுபோல் அங்கேயும் நான் அழுத்தி வைத்த கிரீஸ். டப்பா தீர்ந்துபோனதால் வலது பக்கம் தப்பியிருந்தது. செய்யது என்னை நிமிர்ந்து பார்த்தான். "மண்ணெண்ணெய எடு" என்றான், அவ்வளவுதான். கழுவி, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பூட்டினான். வண்டி ஏறியது. ஷெட் அவனுக்குக் கிடைத்தது. மானேஜரிடம் என்னைக் காட்டிக்கொடுத்துத்தான் வாங்கினான் என்று இத்தனை வருஷம் நம்பினேன்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மானேஜர் பக்கத்தில் நடந்து வந்தார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"அந்தக் கிரீஸ் விஷயத்த ஒங்கள்ட்ட செய்யது சொன்னானா சார்?"

"சொன்னானே. 'நான்தான் கூறில்லாம வச்சிட்டேன் சார்'னு வந்து நின்னான். தப்ப ஒத்துக்கிடுதவன நம்பி வண்டிய விடலாம்னுதான் ஷெட்ட அவங்கிட்ட குடுத்தேன்."

நான் வாயைத் திறந்திருந்தால் ஷெட் எனக்கு. என் தப்பைத் தன் தப்பாகச் சொல்லி அவன் வாங்கிவிட்டான். என்னைக் காப்பாற்றவா, ஷெட்டுக்காகவா என்று இனி அவனிடம் கேட்க முடியாது. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அழுகையும் வருகிறது.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். மானேஜரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். நல்ல பேர், ஷெட், திரண்டு வந்த கூட்டம் எல்லாம் செய்யதுக்கே இருக்கட்டும். அந்தத் தப்பு என்னுடையது.