தம்பி போட்ட வாக்கு

என் தம்பி அமெரிக்காவில் ஒரேயொரு தடவை வாக்குப் போட்டான். அவனிடம் நிரந்தர வதிவிட அட்டை இருந்தது, குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாத ஒருவர் அங்கே சனாதிபதித் தேர்தலில் வாக்களித்தால் நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம் என்பது அவனுக்கும் தெரியாது, லண்டனில் இருக்கும் எனக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போன இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், வாக்காளராகவும் பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு அது கேள்வியே இல்லை. அரசாங்கக் கதிரையில் இருப்பவர் கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

வாக்கு என்றாலே எங்களுக்கு ஒரு நடுக்கம் உண்டு. ஊரில் போர்க்காலத்தில் ஒரு தேர்தல் வந்தது. போடக்கூடாது என்று போராளி இயக்கத்தினர் மதிலில் ஒட்டியிருந்தார்கள். போடாதவன் யார் என்று இராணுவம் மறுநாள் சென்றியில், அந்த வீதிக் காவலரணில், நின்று விரலைப் பார்த்தது. மை இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. தம்பியின் விரலில் மை இல்லை. வெயிலில் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். அம்மா போய்க் கெஞ்சி, பொழுதுபடும் நேரத்தில் அவனைக் கூட்டிவந்தாள். அன்றைக்குப் பிறகு அவனைப் பொறுத்தவரை வாக்கு என்பது உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. பிறகு யாராவது கேட்பார்கள், அதனால் போட்டுவிட வேண்டிய ஒன்று.

அப்படித்தான் அமெரிக்காவில் வாக்காளர் அட்டை தபாலில் வந்ததும், தேர்தல் நாளன்று வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேட்டு ஒன்றை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய் வாக்களித்தான். சில வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எப்போதாவது வாக்களித்தீர்களா என்று அதிகாரி கேட்டார். அந்த அதிகாரி ஒரு வயதான அம்மா, சிரித்த முகம். தம்பி கொஞ்சம் பெருமையோடேயே ஓம் என்றான். வழக்கு அங்கே தொடங்கியது.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு அமெரிக்க அரசியல் கிரிக்கெட் மாதிரி. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, அமெரிக்காவில் வென்ற கட்சிக்கு ஆதரவு கொடுப்பார். அந்தக் கட்சி கள்ளமாக வந்தவர்களைத்தான் துரத்துகிறது, ஒழுங்காக வந்தவர்களுக்கு ஒன்றும் நடக்காது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். தம்பியின் செய்தி வந்த அன்று ஒரு யோசனை சொன்னார்.

"அவன் ஆருக்குப் போட்டவன்? இவையின்ரை கட்சிக்குப் போட்டனான் எண்டு சொன்னா விட்டிடுவினமல்லோ?"

"இஞ்சருங்கோ, நீங்கள் சும்மா இருங்கோ" என்றேன். இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கும் அந்த எண்ணம் ஓடாமல் இல்லை. தம்பியிடம் கேட்டும் பார்த்தேன். "முதலாவதா இருந்த பேருக்குப் போட்டனான் அக்கா, ஆரெண்டு பாக்கேல்லை" என்றான். இந்த வாக்குக்குத்தான் இவ்வளவும்.

தம்பிக்கு வாய்த்த சட்டத்தரணி ஓர் இளம் பெண். நிதானமாக விளக்கினாள். தப்ப ஒரு வழி உண்டு, நீதிபதியிடம் கருணை கேட்பது. செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, எதற்காகச் செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஒழுங்காக உழைத்தவன், பிள்ளைகள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் என்பதைக் காட்ட வேண்டும். மிச்சம் நீதிபதியின் மனம். அதனால் நான் நீதிபதிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அமெரிக்க நீதிபதிகளின் நியமன விசாரணைகளைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். இங்கே பிரித்தானியாவில் ஒரு நீதிபதி எந்தக் கட்சிக்காரர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. அங்கே பெயருக்கு முன்னால் அதைத்தான் எழுதுகிறார்கள், இன்ன சனாதிபதி நியமித்தவர் என்று. ஒரு கட்சிக்காரர் எல்லோரும் ஓம் என்று கை தூக்க, மற்றக் கட்சிக்காரர் எல்லோரும் இல்லை என்கிறார்கள். அப்படிக் கதிரையில் ஏறியவர் சாகும்வரை அங்கேயே இருக்கலாம். தம்பியின் வழக்கு தோற்றுத் தோற்று மேலே போனால் அப்படிப்பட்ட மூன்று பேருக்கு முன்னால்தான் போய் நிற்கும். என்றைக்கோ நடந்து முடிந்த தேர்தல் இன்னும் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறது என்று விளங்கியபோது சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

கீழே, குடிவரவு நீதிமன்றத்தில், கதை வேறு. அந்த நீதிபதிகள் அரசாங்கத்தின் வேலையாட்கள். வைத்திருக்கவும் நிற்பாட்டவும் அரசாங்கத்தால் முடியும். தம்பிக்கு முதலில் வாய்த்தவர் ஓர் அம்மா. முதல் தவணையிலேயே, சட்டத்தரணி எழுதிக் கொடுத்திருந்த அந்த விரல் மைக் கதையை அடுத்த முறை ஆறுதலாகக் கேட்கிறேன் என்று சொன்னாராம். எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. அடுத்த முறை வருவதற்குள் அந்த அம்மாவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். எங்கள் கடையில் சனிக்கிழமை மட்டும் வருகிற பிள்ளையை நிற்பாட்டுவதென்றாலும் முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

பிறகு தம்பியின் மனைவி தொலைபேசி எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மச்சாள், புது நீதிபதி தற்காலிகமா வந்தவராம். ஆமியிலை சட்ட வேலை செய்தவராம். இவருக்குச் சொல்லாதேங்கோ."

ஆமி என்றால் எங்களுக்குச் சென்றியில் நின்ற இராணுவம்தான். இவ்வளவு பெரிய நாட்டில் என் தம்பிக்கென்று வந்து அமர வேறு ஆளா கிடைக்கவில்லை? தம்பிக்கு மறைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். கணவருக்கு மட்டும் சொன்னேன். நான் சாப்பிடாததைக் கண்டு அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று நூறு தடவை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பேசும்போது அவர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். தைரியம் சொல்லத்தான் வாங்கினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"மச்சான், நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. ஆமிக்காரன் எண்டா எல்லாம் ஒழுங்கா, சட்டப்படி செய்வான்."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. தம்பி, "ஆர் அத்தான் ஆமி?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவன் கதைக்கிற விதமே மாறிவிட்டது. ஓம், இல்லை, சரி என்று ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. அங்கே ஓடிப்போய் அவன் பக்கத்தில் நிற்கவேண்டும் போலிருந்தது. ஊரில் ஆமி ஓர் ஆண்பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டால் தாயோ சகோதரியோ கூடவே போவோம். பெண் ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தால் உள்ளே கொஞ்சம் யோசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நீங்கள் இப்போது விமான நிலையத்தில் ஏதும் சிக்கலில் மாட்ட வேண்டாம், வராதீர்கள் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டாள். எனக்கும் பயம். பிரித்தானியக் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் பிறந்த இடம் என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

விசாரணை அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். கடையில் முன்மேசையில் நின்றேன். கைத்தொலைபேசி வெள்ளைக் கோட்டின் பையில் கிடந்தது. ஒரு கிழவர் தன் இருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. தொலைபேசி அதிர்ந்ததும் கூட வேலை செய்பவளிடம் அவரை விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். தம்பியின் மனைவி அழுதழுது சொன்னாள்.

நீதிபதி முதலில் காலை வணக்கம் சொன்னாராம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாராம். பிறகு, நீங்கள் தேர்தலில் வாக்களித்தீர்களா என்று கேட்டாராம். தம்பி கதிரையை விட்டு எழும்பி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, "நோ, சேர்" என்றானாம்.

சட்டத்தரணி சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்று நீதிபதி ஆறுதலாகத் திரும்பவும் கேட்டாராம். "நோ, சேர். ஐ டோன்ட் நோ, சேர்."

எனக்கு அந்தக் குரல் கேட்டது. நான் அங்கே இல்லை, ஆனாலும் கேட்டது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். ஆமி எதைக் கேட்டாலும் இல்லை, தெரியாது. ஓம் என்று சொன்னவர்களில் சிலர் வீட்டுக்கு வரவே இல்லை. எத்தனையோ சென்றிகளில் என் தம்பியை உயிரோடு கடக்கவிட்டது அந்தப் பதில்தான். இப்போது நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

இடைவேளை கேட்டு அவனை வெளியே கொண்டுவந்து, தண்ணீர் குடிக்க வைத்து, உண்மையைச் சொல்லுங்கள் என்று சட்டத்தரணி கெஞ்சினாளாம். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய், வாக்களித்தேன் என்று சொல்லியிருக்கிறான். அரசாங்கத் தரப்புச் சட்டத்தரணி எழும்பி, முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்க, "நீங்கள் சொல்றபடி, சேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றானாம்.

நீதிபதி மறுத்துவிட்டார். உங்கள் ஊரில் விரல் பார்த்த கதையை நேற்று முழுக்க வாசித்தேன், உங்கள் வாயால் கேட்கத்தான் காத்திருந்தேன், ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்பவருக்குக் கருணை காட்ட என்னால் முடியாது என்று சொன்னாராம். மேன்முறையீடு செய்யலாம். அதுவரை வீட்டில் இருக்கலாம் என்கிறார்கள், அதையும் நம்பப் பயமாக இருக்கிறது.

வேலை முடிந்து வந்து தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். கணவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். தொலைக்காட்சியை அவர் போடவில்லை. தம்பியின் குரல் முன்னையைவிடத் தெளிவாக இருந்தது. அதைக் கேட்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அந்தாளுக்கு என்ரை வயசுதான் இருக்கும் அக்கா. கறுப்பு அங்கிதான் போட்டிருந்தவர். தண்ணி வேணுமோ எண்டு கேட்டவர். நல்ல மனிசன்."

"ஓம்" என்றேன்.

"அப்ப நான் ஆருக்கு அக்கா பயந்தனான்?"

எனக்குப் பதில் தெரியும். சாப்பிட்டனியோ என்று கேட்டேன்.