நாலாம் இலக்கம்

உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கையால் வந்தது. செல்வம் அண்ணை இறந்துவிட்டாராம். ஓட்டோக்காரர் தாளைப் பார்த்து, பிள்ளைகளின் பெயர்களையும் தகன நேரத்தையும் வாசித்தார்.

தொண்ணூறுகளில் நெடுங்கேணியில் மரண அறிவித்தல் சொன்னவரே செல்வம் அண்ணைதான். கரப்பந்து விளையாடி முழங்கால் பழுதானபிறகு, ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்லத் தொடங்கினார். யுத்தத் தடையால் பெற்றோல் கிடையாது. ஒலிபெருக்கியையும் உழவு இயந்திரத்தின் பற்றரியையும் சைக்கிளில் கட்டி உருட்டி வருவார்.

"நாலாம் இலக்கம் வலையடியில எழும்பிறார்... அடிச்சிட்டார்!" என்று அவர் கத்தினால் சனமும் சேர்ந்து கத்தும். முதுகில் வெள்ளைப் பெயின்றால் நாலு எழுதிய அந்தச் சட்டை என் அண்ணாவுடையது.

அண்ணா மலேரியாவில் செத்த அன்றும் அதே சைக்கிள் வந்தது. அண்ணாவின் பெயர், அப்பாவின் பெயர், சுடலை எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு, "எங்கட நாலாம் இலக்கம்" என்றார். அம்மா அப்போதுதான் அழுதா.

நான் படலையடிக்குப் போய் ஓட்டோவை மறித்தேன்.

"தம்பி, அவர் கரப்பந்து விளையாடினவர். அவற்ற இலக்கத்தையும் சேத்துச் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா, சொல்லுறன். எத்தினையாம் இலக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. தன்னுடைய இலக்கத்தை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.