பனிக்கு நின்ற காவல்

முந்தாநாள் வியா மக்வேதா தெருவில் ஒரு கிழவர் ஐஸ் கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு விட்டுக் கோப்பையில் கொடுப்பார்களே, அதற்கு. அந்தக் கர்ர் கர்ர் சத்தத்துக்கு மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும். காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

லிபெர்த்தா பகுதியில் ஒரு சின்யோரா வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த அம்மா தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் பொறியியலாளர். கோடையில் ஒருமுறை, பனி கொட்டிய பிறகு ஒருமுறை, சின்ன விமானத்தில் மலைக்கு மேலே பறந்து லேசர் ஒளியால் அளப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பனியின் தடிப்பு. அது உருகினால் நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவு வரும், ஊருக்கு எவ்வளவு திறந்துவிடலாம் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

விமானக் கணக்கைச் சரிபார்க்க மலையில் நான்கு சிவப்புத் தடி நட்டு ஒரு சதுரம் வைத்திருந்தார்கள். விமானம் வந்து போகும்வரை பனியில் விளையாட வரும் பிள்ளைகளை அதற்குள் விடாமல் பார்ப்பதே எனக்கு அன்று தந்த வேலை. ஒரேத்தோ பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அருளப்பு அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளை ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் யோசனை வந்தது. வேலை போனால் இந்த நாட்டில் இருக்கத் தந்த அனுமதி, பெர்மெஸ்ஸோவும் போய்விடும். புதுப்பிக்க வேண்டிய மாதம் வேறு.

"அண்ணை, அவா மேலை இருந்து பாத்துக்கொண்டு வருவா. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறம்."

"ஆகாயத்திலை இருந்து உன்ரை மூஞ்சி தெரியுமோடா?"

"லேசராம் அண்ணை. எல்லாம் தெரியுமாம்."

அண்ணைக்கும் பயம் தொற்றிவிட்டது. நாங்கள் வந்த வான் வண்டிக்குள் பனி அள்ளுகிற சவள் இரண்டு கிடந்தன. வீடு துப்புரவாக்கிப் பழகிய கைகள், ஆனால் எங்கே தொடங்குவது? கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. எல்லை போட்டுக் கிடந்தது அந்தச் சதுரம் ஒன்றுதான். புல் தெரியும்வரை வழித்து, பனியைப் பக்கத்தில் அழகாகக் குவித்தோம். விமானம் வந்தபோது இன்னும் வேகமாக வழித்தோம். அண்ணை கையும் காட்டினார்.

மறுநாள் சின்யோரா என்னைக் கணினிக்கு முன்னால் கூப்பிட்டார். மலையின் படம். நடுவில் சதுரமாக ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு குன்று.

"இது என்ன?"

"துப்புரவாக்கினோம், சின்யோரா."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து, மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன். கையை எடுத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. அந்தச் சதுரத்தைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டுச் சொன்னார்:

"அடுத்த முறை கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நில். அதுதான் உன் வேலை."

அதன்பிறகு பல மாரிப் பனிகளுக்குக் காவல் நின்றோம். அண்ணை கதிரையும் புட்டுப் பார்சலும் கொண்டுவருவார். எனக்குக் கதிரையில் இருக்கவும் பயம். சும்மா இருக்கச் சொல்லிச் சம்பளம் தந்த வேலை என் ஆயுசில் அது ஒன்றுதான்.

அண்ணை லண்டனுக்குப் போய்விட்டார். இந்த மாசியில் சின்யோராவிடம், மலைக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டேன்.

"எதை அளக்க?" என்றார், கணினியில் புல் மட்டும் தெரிந்த மலையைக் காட்டி.

பூந்தொட்டிகளுக்கு ஊற்ற எடுத்த தண்ணீரில் பாதியைத் திரும்ப வாளிக்குள் ஊற்றினேன்.