கிரிவலப் பாதையில் ஒரு பிடி கடலையும் யுரேனியமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் திருவண்ணாமலை கிரிவலம் போனோம். அம்மாவுக்கு வேண்டுதல். எனக்கு மறுநாள் பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. ஓர் அறிவியல் கண்காட்சிக் கூடத்தில் விளக்கம் சொல்லும் வேலை. 'யுரேனியத்திலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது' என்று படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி பேசிக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், இயற்பியல். ஆனால் நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பு இரண்டு தேர்வுகளில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் எழுந்து வந்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதாக ஏற்பாடு. எட்டு லிங்கம், எட்டு ஒத்திகை.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ராஜகோபுரத்தின் எதிரே காலை 5.30க்கு நடக்க ஆரம்பித்தோம். சுற்று மொத்தம் 14 கிலோமீட்டர்.

இந்திர லிங்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எம லிங்கத்தில் முழுதாகச் சொல்லி முடித்தபோது அம்மா கொட்டாவி விட்டாள்.

"இன்னாடி இது, ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரி கீது."

எட்டரை மணிக்கு அடி அண்ணாமலை. ஒரு அக்காவின் இட்லிக் கடையில் உட்கார்ந்தோம் (நான்கு இட்லி 40 ரூபாய்). பக்கத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்றை எடுத்துப் பட்டென்று உடைத்தாள். களத்தில் கடலை உடைப்பதுதான் அவள் வேலை. கை சும்மா இருக்காது.

"அதான் யுரேனியம் அணுன்னு வச்சுக்கம்மா," என்றேன். "நியூட்ரான்னு ஒரு துளி வந்து இடிக்குது, ரெண்டா உடையுது. உடையறப்போ இன்னும் ரெண்டு மூணு துளி தெறிக்குது. அது பக்கத்துல இருக்கறத உடைக்குது. அப்படியே மூட்டை பூரா."

"எல்லாம் ஒட்டுக்கா உடைஞ்சா?"

"சூடு கைமீறிடும். அதுக்குத்தான் அந்தத் துளிய முழுங்கற கம்பிய உள்ள எறக்கி வேகத்தக் கம்மி பண்றது. ஆனா ஒண்ணும்மா, உடைஞ்சத எல்லாம் சேத்து எடை போட்டா, முன்ன இருந்ததுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும்."

அம்மாவின் கை நின்றது. களத்தில் பருப்பும் தோலும் சேர்த்து எடை குறைந்தால் உடைத்தவர்கள்மேல்தான் பழி விழும்.

"எவ தின்னா?" என்றாள் கோபமாக.

"யாரும் தின்னலம்மா. அந்தக் கம்மியானதுதான் சூடா மாறிடுச்சு. துளியூண்டுதான். ஆனா லாரி லாரியா கரி எரிச்சா வர்ற சூடு அதுல வரும்."

இட்லித் தட்டோடு நின்றிருந்த அக்கா கேட்டார், "அந்தச் சூட்ட வச்சு இன்னா பண்ணுவீங்க?"

"தண்ணிய கொதிக்க வைப்போங்க. ஆவி போயி சக்கரத்த சுத்தும். சக்கரம் சுத்தினா கரண்டு."

"தோ பாருடா! இவ்ளோ படிச்சுட்டு கடைசில நம்ம இட்லிக் குண்டான் வேலதானா?"

கடையே சிரித்தது. ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

"தோல எங்க கொட்டுவீங்க?" என்றார் அக்கா.

"அதுதாங்க கஷ்டம். உடைஞ்சதுலேருந்து பல தலைமுறைக்குக் கதிர்வீச்சு வரும். கெட்டியா மூடிக் காவல் காக்கணும்." இதே அணு உலையில் புற்றுநோய்க்கு மருந்தும் தயாராகிறது என்றேன். மலையைக் காட்டி, பாறையில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று பார்த்து அதன் வயதைச் சொல்லலாம் என்றேன்.

"மலைக்கே ஜாதகம் எழுதறியேம்மா!" என்றார் அக்கா.

10.15க்குச் சுற்றை முடித்தோம். கடைசி மூன்று லிங்கங்களில் வரிசையில் நின்றவர்களிடமே சொன்னேன்.

திங்களன்று தேர்வு அறையில் மூன்று பேர். மேசையில் ஒரு பிடி கடலையை வைத்துத் தொடங்கினேன். எடை குறையும் என்றதும் ஒருவர் முன்னால் சாய்ந்து, "மீதி எங்கே போச்சு?" என்றார்.

"எங்கம்மாவும் இதையேதான் சார் கேட்டாங்க," என்றேன். அதன்பின் பதினைந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். வியாழக்கிழமை வேலை உத்தரவு வந்தது.

போகிறவர்களுக்கு: கூட்டம் வேண்டாம் என்றால் பௌர்ணமியைத் தவிருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலுக்குச் சாலை சுடும். விடியும் முன்பே கிளம்புங்கள். பேசிப் பழக ஏதாவது இருந்தால், புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆளைக் கூட்டிப் போங்கள்.

நேற்று களத்தில் எடை குறைந்ததாம். மேஸ்திரி முறைத்தாராம். "சூடா மாறிடுச்சு, எம் பொண்ணக் கேளு" என்றாளாம் அம்மா.