கீழ்ப்பெட்டியில் தொங்கிய பூட்டு

டெனீஸ் போர்க் வேலைக்குக் கிளம்பும்போது பையில் மதியச் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, இரும்பு வெட்டும் பெரிய கத்தரி ஒன்று கட்டாயம் இருக்கும். மெல்பர்னுக்கு மேற்கே முளைத்துக்கொண்டே போகிற கிடங்குகளில், ஆளைக் கூடையில் நிறுத்தி உயரே தூக்கும் பூம் லிஃப்ட் வண்டியில் ஏறியவனைக் கீழே நின்று கண்காணிப்பதுதான் அவள் பிழைப்பு. பஸ் ஓட்டி முதுகு போனபின் தேடிக்கொண்ட வேலை. "என்ன டெனீஸ், பேங்க் கொள்ளையா?" என்று பயல்கள் சீண்டுவார்கள். அவள் சிரிக்கமாட்டாள். முன்பெல்லாம் நன்றாகச் சிரித்தவள்தான்.

அப்போது அவளோடு வேலை பார்த்தவன் எலக்ட்ரீஷியன் கிளென். வாய் ஓயாதவன். ஆனால் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கூடையில் மாட்டாமல் ஒரு அடி உயரமாட்டான். அவர்களுக்கு இருந்த ஒரே தலைவலி ப்ளம்பர்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் லிஃப்ட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டால், "உன் பேரு எழுதியிருக்கா?" என்பார்கள்.

பொறுத்துப் பார்த்த கிளென் ஒருநாள் பூட்டு வாங்கி வந்தான். மேலே ஆள் மாட்டிக்கொண்டால் கீழிருந்தே கூடையை இறக்க, வண்டியின் அடியில் ஒரு விசைப்பெட்டி உண்டு. வண்டியைக் கிளப்புவதும் அங்கேதான். அதன் மூடியில் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தான்.

"இனிமே எந்தப் பய தொடறான்னு பாக்கலாம்."

"சாவிய எங்கிட்ட குடு."

"நீ தொலைச்சிடுவே தாயே" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். காலையில் வண்டியைக் கிளப்பியதும் மறுபடி பூட்டிவிடுவான். அப்புறம் மேலே ஏறும்போதாவது பூட்டைக் கழற்ற வேண்டாமா? சோம்பேறித்தனம்! அது பாட்டுக்குத் தொங்கியது.

ஒரு வியாழக்கிழமை கூரை உத்தரத்தடியில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். கூடையைக் கொஞ்சம் உயர்த்தப் போய் அது எகிறிவிட்டது. உத்தரம் முதுகில் அழுத்த, கூடையில் இருந்த விசைகள்மேல் நெஞ்சோடு கவிழ்ந்தான். கூடையை உயர்த்தும் விசையை அவன் உடம்பே மேலும் அமுக்கியது. பெல்ட் கொக்கி மாட்டியபடிதான் இருந்தது. பாவி மனுஷன், விழாமல் இருக்க எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். விழுவதைத் தவிர வேறெதையும் யாரும் யோசிக்கவில்லை.

"கிளென், சாவி! சாவியப் போடு!"

அவனால் பேச முடியவில்லை. ஒரு கை மட்டும் பாக்கெட்டைத் தேடியது. எட்டவில்லை.

டெனீஸ் பூட்டைக் கல்லால் அடித்தாள், உதைத்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. அவள் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தவர்கள் அந்த ப்ளம்பர்களேதான். அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து பூட்டை அறுத்துக் கூடையை இறக்கினார்கள். அதற்குள் அந்தக் கை தேடுவதை நிறுத்தியிருந்தது. சாவியைக் கேட்டுவிட்டுச் சிரித்தோமே என்று டெனீஸ் இன்னும் மருகுகிறாள்.

போன வாரம் புது சைட். பிரெண்டன் என்ற எலக்ட்ரீஷியன் கூடையில் ஏறப் போனான். கீழ்ப்பெட்டியில் பளபளவென்று ஒரு பூட்டு. டெனீஸ் கத்தரியை எடுத்து வெட்டிப் போட்டாள்.

"அடிப்பாவி! புதுப் பூட்டு! ப்ளம்பர் பசங்க வண்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

"போகட்டும்டா" என்றாள் டெனீஸ். "தூக்கிட்டுப் போகட்டும்."